இஸ்ரோ ரிவ்யூ: ஆளுக்கு வருஷம் 96 ரூபா, வொர்த்தா இல்லையா? (ஸ்ரீஹரிகோட்டா நேர்ல போன கதையோட)

முதல்லயே சொல்லிடுறேன், இது ரெண்டு ரிவ்யூ. ஒண்ணு, ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் விடுறத பொதுமக்கள் பாக்க ஒரு கேலரி கட்டி வச்சிருக்காங்களே, அதுக்கு. இன்னொண்ணு இஸ்ரோவுக்கே. ஹோட்டலுக்குப் போனா சாம்பார் எப்படி இருந்துச்சுன்னு எழுதுறோம், புடவைக் கடைக்குப் போனா கலர் போச்சுன்னு எழுதுறோம், வருஷா வருஷம் நம்ம வரிக்காசு போற எடத்துக்கு ரிவ்யூ எழுதினா மட்டும் தேசத்துரோகிங்கிற ரேஞ்சுக்கு சண்டைக்கு வர்றாங்க. காசு குடுத்தவ எழுதுறேன், அவ்வளவுதான்.

மொதல்ல பில்லு. 2025-26 பட்ஜெட்ல விண்வெளித் துறைக்கு ஒதுக்கினது 13,416 கோடி. கேக்கும்போது தலை சுத்தும், ஆனா மத்திய அரசோட மொத்த பட்ஜெட் அந்த வருஷம் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி, அதாவது அரசாங்கம் செலவு பண்ற 100 ரூபாய்ல 26 பைசா. 140 கோடி பேருக்கு வகுத்தா ஆளுக்கு வருஷம் 96 ரூபா. மாசத்துக்கு 8 ரூபா. எங்க தெருமுனைக் கடையில டீயே 15. நானு, வீட்டுக்காரர், பையன், மாமா, அத்தைன்னு எங்க வீட்ல அஞ்சு உருப்படி, ஆக மொத்தம் 480 ரூபா, ஒரு போனுக்கு ரெண்டு மாசம் ரீசார்ஜ் பண்ணக்கூட பத்தாது. அமெரிக்காக்காரன் நாசாவுக்கு வருஷம் 25 பில்லியன் டாலர் பக்கம் குடுக்குறான், நம்ம காசுல 2 லட்சம் கோடிக்கு மேல, அதோட வச்சுப் பாத்தா நம்மளது பொட்டிக்கடை.

இந்த ஆள்கணக்க எங்க அண்ணன் கிட்ட சொன்னா சிரிப்பாரு. "140 கோடியால வகுத்தா எந்த செலவும் சின்னதாத்தான் தெரியும், கோயில் உண்டியலையும் அப்படி வகுத்துப் பாரு"ன்னு சொல்வாரு. அண்ணன் கன்னியாகுமரி மாவட்டத்துல கடலோரமா ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியார். இஸ்ரோவ திட்டுற ஆளு ராக்கெட்டப் பத்தி தெரியாதவரா இருப்பாருன்னு நெனச்சா அதான் இல்ல, என்னையும் வீட்டுக்காரரையும் சேத்து வச்சாலும் அவருக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எங்களுக்குத் தெரியாது.

சரி, போன கதை. 2023 செப்டம்பர் 2, சனிக்கிழமை, சூரியன ஆராயப் போற ஆதித்யா எல்-1 லாஞ்ச். சந்திரயான்-3 நிலாவுல இறங்கி அப்பத்தான் பத்து நாள், ரஷ்யாவோட லூனா-25 அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் நிலாவுல போய் மோதி உடைஞ்சிருந்துச்சு, அதனால ஊரே ஒரு மப்புல இருந்துச்சு, எங்க மாமனார் டபுள் மப்பு. மாமா டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, இஸ்ரோ மேல யாராவது தூசி ஊதினாகூட தாங்கமாட்டாரு. அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக சென்னை வந்திருந்தாரு. இந்த ரெண்டு பேரையும் ஒரே கார்ல ஏத்திட்டுப் போனது என் தப்பு.

கேலரிக்கு டிக்கெட் காசு கிடையாது, ஆன்லைன்ல பதிவு பண்ணணும், பெரிய லாஞ்சுன்னா சட்டுனு முடிஞ்சிடும், என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல மீட்டிங்ல உக்காந்துகிட்டே புக் பண்ணாரு, அவரு வாழ்க்கையில தட்கலுக்கு அப்புறம் செஞ்ச ஒரே சாதனை அதுதான். காலைல அஞ்சு மணிக்கு பெரம்பூர்ல இருந்து கெளம்பினோம். கும்மிடிப்பூண்டி தாண்டி, தடா தாண்டி, சூலூர்பேட்டையில வலது பக்கம் திரும்பணும். கார் இல்லாதவங்க சென்ட்ரல்ல இருந்து சூலூர்பேட்டைக்கு லோக்கல் ட்ரெய்ன்லயே போலாம். வழியில ஒரு ஹோட்டல்ல டிபன், பேர் வேண்டாம், பொங்கல் ஆறிப்போய் செங்கல் மாதிரி இருந்துச்சு, வடையப் பிச்சா நூல் வந்துச்சு, வீட்லயே புளியோதரை கட்டிட்டுப் போங்க.

சண்டை கும்மிடிப்பூண்டியிலயே ஆரம்பிச்சிடுச்சு. மாமா மங்கள்யான எடுத்தாரு, 450 கோடி, முதல் தடவையே செவ்வாய்க்குப் போயாச்சு, கிலோமீட்டருக்கு 7 ரூபாதான் ஆச்சுன்னு பிரதமரே சொன்னாரு, ஆட்டோவ விட கம்மி. வண்டி ஓட்டிட்டிருந்த வீட்டுக்காரர், "பெரம்பூர் ஆட்டோ ஸ்டாண்ட்ல இத சொல்லாதீங்கப்பா, செவ்வாய்லயே போய் ஏறிக்கோன்னு விட்டுடுவாங்க"ன்னாரு. அண்ணன் விடல. "மாமா, சீப்புன்னா அதுக்கே பாராட்டணுமா? உள்ள இருந்த கருவி எல்லாம் சேத்து 15 கிலோ. பஸ் சின்னதுன்னா டிக்கெட்டும் கம்மியாத்தான் இருக்கும். போய்ச் சேந்தது பெரிய விஷயம், ஒத்துக்குறேன். ஆனா போய் என்ன கண்டுபிடிச்சோம்னு பத்துப் பேர கேளுங்க, விலைய மட்டும்தான் சொல்லுவாங்க." மாமா, "ஆறு மாசத்துக்குன்னு அனுப்பினது எட்டு வருஷம் வேலை செஞ்சுது தம்பி"ன்னாரு. அதுவும் உண்மைதான். இவங்க ரெண்டு பேர் கிட்ட கஷ்டமே இதான், ரெண்டு பேரும் சொல்றது உண்மையாவே இருக்கும்.

சூலூர்பேட்டையில செங்காளம்மன் கோயில். லாஞ்சுக்கு முன்னாடி இஸ்ரோ தலைவருங்க இங்க வந்து கும்பிட்டுட்டுப் போறது வழக்கம், ராக்கெட் பொம்மைய எடுத்துட்டு திருப்பதிக்கும் போவாங்க, ஒவ்வொரு தடவையும் நியூஸ்ல போட்டோ வரும், ஒவ்வொரு தடவையும் விஞ்ஞானிக்கு எதுக்குடா சாமின்னு ஒரு கூட்டமும் அவங்க நம்பிக்கை உனக்கென்னன்னு ஒரு கூட்டமும் அடிச்சுக்கும். எனக்கு இதுல பெரிய கருத்து இல்ல. ஆயிரம் வால்வு, லட்சம் ஸ்க்ரூ, எது காலை வாரும்னு தெரியாது, பரீட்சைக்குப் போற புள்ளைக்கு விபூதி பூசி விடற மாதிரின்னு எடுத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் வர்ற ரோடுக்கே தனியா அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். பழவேற்காடு ஏரிக்கு நடுவுல ரோடு போகுது, ரெண்டு பக்கமும் தண்ணி, கொக்கு ஒத்தக்கால்ல நிக்குது, குளிர்காலத்துல போனா பூநாரைங்க வரும்னாங்க, நாங்க போனப்ப இல்ல. ஏரிக்கு அந்தப்பக்கம் கடல், நடுவுல இருக்குற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. கிழக்கால திறந்த கடல், ராக்கெட் கீழ விழுந்தாலும் யார் தலையிலயும் விழாதுன்னுதான் இந்த எடத்த தேர்ந்தெடுத்தது. யானாதி பழங்குடி ஜனங்க வாழ்ந்த எடம், 1971-ல முதல் சின்ன ராக்கெட்ட இங்கருந்து விட்டாங்க.

கேலரி 2019-ல திறந்தது, ஸ்டேடியம் மாதிரி படிப்படியா உக்காரணும், ஐடி காமிச்சு உள்ள போகணும், பெரிய ஸ்க்ரீன்ல கன்ட்ரோல் ரூம் காமிக்கிறாங்க. செப்டம்பர் வெயில், தொப்பி கட்டாயம், தண்ணி நெறைய. ஸ்கூல் யூனிபார்ம் போட்ட பசங்க எக்கச்சக்கம், கன்னத்துல மூவர்ணம், கத்தின கத்துல எனக்கு ராக்கெட்டுக்கு முன்னாடியே காது அடைச்சிடுச்சு. ஸ்க்ரீன்ல இந்த மிஷனோட திட்ட இயக்குநர் நிகர் ஷாஜின்னு பேர் வந்ததும் அண்ணன் என்னை இடிச்சு, "செங்கோட்டைக்காரங்க"ன்னாரு. திட்டுறதும் அவருதான், இடிக்கிறதும் அவருதான்.

11:50. கவுண்ட்டவுன் முடிஞ்சுது. மரங்களுக்குப் பின்னாடி ஒரு ஆரஞ்சு வெளிச்சம், வெல்டிங் பொறிய நேரா பாத்த மாதிரி, கண்ணு கூசுது. அதுக்கு மேல வெள்ளையா புகை எழும்புது, அந்த வெளிச்சம் மெதுவா மேல ஏறுது, சத்தமே இல்ல. ஒண்ணுமே இல்ல. அவ்வளவு பெரிய உருவம், 320 டன், ஊமைப்படம் மாதிரி ஏறிட்டிருக்கு, பசங்க எல்லாம் வாய பொளந்துட்டு கப்சிப். அண்ணன் பக்கத்துல போன தூக்கிப் பிடிச்சிட்டு உதட்டுக்குள்ள ஏதோ முணுமுணுத்துட்டு இருந்தாரு, பரவால்ல இவரும் சாமி கும்பிடுறாருன்னு நெனச்சேன். அப்பறம் வந்துச்சு சத்தம். மொதல்ல தரைக்குள்ள ஒரு உறுமல், அப்பறம் தகரக் கொட்டகை மேல ஆலங்கட்டி மழை கொட்டுற மாதிரி படபடபடன்னு, காதுல கேக்கல, நெஞ்செலும்புல கேட்டுச்சு. என் பையன் என் கைய புடிச்சுகிட்டான், ஆறாங்கிளாஸ் போனதுல இருந்து ரோட்ல கைய புடிக்கவே விடாதவன். மாமா எழுந்து நின்னுட்டாரு, கண்ணாடிய கழட்டி துடைச்சுகிட்டாரு, வெயிலு கண்ணுல பட்டுச்சுன்னு சொன்னாரு.

ரெண்டு நிமிஷம் கூட இருக்காது, மேகத்துக்குள்ள போயிடுச்சு. வளைஞ்சு வளைஞ்சு ஒரு புகைக்கோடு மட்டும் நின்னுது. கூட்டம் எழுந்திரிச்சு கெளம்பிடுச்சு, ஆனா வேலை முடியல, சேட்டிலைட் பிரிய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, நாங்க அந்த ஏரி ரோட்ல டிராபிக்ல நின்னுட்டு இருந்தப்பத்தான் போன்ல நியூஸ் வந்துச்சு. அந்த 1,480 கிலோ பொட்டி 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டி 2024 ஜனவரி 6-ஆம் தேதி தன் எடத்துல போய் உக்காந்துச்சு. கேலரிக்கு 5-க்கு 5, கண்ண மூடிட்டுப் போலாம். லாஞ்ச் தள்ளிப்போச்சுன்னா போட்ட லீவு போனதுதான், அதுக்கு யாரையும் திட்ட முடியாது.

இப்ப இஸ்ரோவுக்கு வர்றேன். இங்கதான் விஷயமே.

டிராபிக்ல நின்ன ரெண்டு மணி நேரத்துல மாமா சொன்னது. அவரு வேலைக்கு சேந்தப்ப வெளியூருக்குப் பேசணும்னா ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு காத்துக் கெடக்கணும், சாவு செய்தி சொல்லணும்னாலும் அதான் கதி. 1983-ல இன்சாட்-1பி மேல போனதும் போன் லைனும் டிவியும் ஊர் ஊரா போக ஆரம்பிச்சுது. அந்த சேட்டிலைட்ட நாம செய்யல, அமெரிக்காவுல செஞ்சு அவங்க ஷட்டில்லயே அனுப்பினது, ஆனா அத வச்சு என்ன செய்யணும்னு இங்க உக்காந்து யோசிச்சவங்க இருந்தாங்க. அதுக்கும் முன்னாடி 1975-76-ல, டிவி காமிக்க சொந்தமா சேட்டிலைட் இல்லாத காலத்துல, நாசாவோட ஏடிஎஸ்-6-ஐ ஒரு வருஷம் இரவல் வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு டிவி காமிச்சாங்க, விவசாயம், சுகாதாரம், பசங்களுக்குப் பாடம். "இப்ப நிலா நிலாங்கிறாங்க, அப்ப எங்களுக்கு இஸ்ரோன்னா கிராமத்துக்கு டிவி தம்பி"ன்னாரு மாமா. எனக்கு அந்த ஒரு வரி போதும், ஏன்னா நான் இஸ்ரோவுக்கு மார்க் போடுறதும் அதே எடத்துலதான்.

நிலா எனக்கு ரெண்டாம்பட்சம். சந்தோஷம்தான், 615 கோடியில சந்திரயான்-3 இறங்கினப்ப எங்க தெருவுல வெடி வெடிச்சோம், அதோட திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் டிவியில வந்தப்ப சொந்தக்காரர் மாதிரி பெருமையா இருந்துச்சு. ஆனா 96 ரூபாய நான் குடுக்குறது புயலுக்கு. 1999-ல ஒடிசால அந்த பெரும்புயல் அடிச்சப்ப கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் செத்தாங்க. 2013-ல அதே ஒடிசாவுக்கு பைலின் வந்துச்சு, அதுவும் லேசுப்பட்ட புயல் இல்ல, ஆனா எங்க எப்ப கரையேறும்னு முன்கூட்டியே சொல்லி லட்சக்கணக்குல ஜனங்கள மேட்டுக்கு கொண்டு போயிட்டாங்க, செத்தவங்க 50 பேருக்குள்ள. இது முழுக்க இஸ்ரோ சாதனைன்னு நான் புளுகமாட்டேன், வானிலைத் துறை, ரேடார், ஒடிசா அரசு கட்டின புயல் பாதுகாப்புக் கட்டடம், வீடு வீடா போய் கெஞ்சி கூட்டிட்டு வந்த ஆளுங்க எல்லாரும் சேந்துதான். ஆனா கடலுக்கு நடுவுல அது எங்க சுத்துதுன்னு பாக்க மேல ஒரு கண்ணு வேணும், அந்தக் கண்ணுக்கு ஆளுக்கு மாசம் எட்டு ரூபா, தாராளமா எடுத்துக்கோ.

அண்ணன் இத கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்பறம் ஒரே வார்த்தை. "ஒக்கி."

2017 நவம்பர் 30. கன்னியாகுமரிக்கு பக்கத்துலயே உருவாகி மளமளன்னு பெருசாச்சு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு எங்க பக்கத்து ஊருங்க. ஆழ்கடலுக்குப் போறவங்க நாள்கணக்கா, வாரக்கணக்கா கடல்லயே இருப்பாங்க, எச்சரிக்கை வந்தப்ப அவங்க எல்லாம் நடுக்கடல்ல, கரையில டிவியில ஓடின ஃப்ளாஷ் நியூஸ் அங்க யாருக்குத் தெரியும்? மேல இருந்த கண்ணு பாத்துச்சு, கீழ இருந்த காதுக்குப் போய்ச் சேரல. குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்குல ஜனங்க தண்டவாளத்துல உக்காந்து, கடலுக்குள்ள போய் தேடுங்கன்னு கத்தினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அண்ணன் கிளாஸ்ல ரெண்டு பசங்களோட அப்பா திரும்பி வரல. அந்த வருஷம் புயல் பாடம் நடத்தல, தாண்டிப் போயிட்டேன்னு கார்ல வச்சு சொன்னாரு. மாமா அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா ஏரியையே பாத்துட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் இஸ்ரோ சும்மா இருக்கல, அதையும் சொல்லணும். நாவிக்னு நம்ம ஊரு ஜிபிஎஸ் ஒண்ணு இருக்கு, அது வழியா நடுக்கடலுக்கு எச்சரிக்கை அனுப்புற கருவி செஞ்சாங்க. ஆபத்துன்னா படகுல இருந்து சிக்னல் அனுப்புற கருவி பழசுலயே இருந்துச்சு, ஆனா அனுப்பினது போய்ச் சேந்துச்சான்னு படகுல இருக்குறவனுக்குத் தெரியாது, புது மாடல்ல "கேட்டுடுச்சு, வர்றோம்"னு பதில் வரும். 2024-ல ஒரு லட்சம் படகுக்கு டிரான்ஸ்பாண்டர், அதாவது சேட்டிலைட் வழியா செய்தி அனுப்பி வாங்குற கருவி, வைக்கிற திட்டம், 364 கோடி. நிலாவுக்கு வெடி வெடிச்ச எங்க தெருவுல இது யாருக்கும் தெரியாது. எனக்கும் அண்ணன் சொல்லித்தான் தெரியும், அவரு இன்னொண்ணும் கேட்டாரு, "ஒக்கிக்கு முன்னாடி ஏன் இல்ல?" இதுக்கு இஸ்ரோ மட்டும் பதில் சொல்ல முடியாது, நடுவுல எத்தனையோ ஆபீஸ் இருக்கு. ஆனா டெலிவரி பாய் மேல தப்பு, பார்சல் நல்லாத்தான் கட்டினோம்னு எந்தக் கடையும் சொல்ல முடியாதுல்ல? சாப்பாடு வரலன்னா வரல. நான் ஒரு ஸ்டார் கொறைச்சது இதுக்குத்தான். நாங்க திரும்பி வந்து மூணு மாசத்துல மிக்ஜாம் வந்துச்சு, புயல் வருதுன்னு போன்ல அஞ்சு நாளா அந்த வெள்ளைச் சுழிய பாத்துட்டே இருந்தோம், தெரிஞ்சே இருந்தும் எங்க வீட்டு முன்னாடி முட்டி அளவு தண்ணி, நாலு நாள் கரண்ட் இல்ல. மேல இருக்குறவன் நல்லா வேலை செய்றான், கீழதான் அடைப்பு.

மத்த ஐட்டங்கள சீக்கிரமா சொல்லிடுறேன்.

முன்னாடி சொன்ன நாவிக். யோசனை அருமை, ஏன்னா சண்டைன்னு வந்தா அடுத்தவன் ஜிபிஎஸ்ஸ ஆஃப் பண்ணிட்டா நாம நடுரோட்ல. ஆனா மேல அனுப்பின சேட்டிலைட்ல இருந்த வெளிநாட்டு அணுக்கடிகாரம் ஒண்ணொண்ணா நின்னு போச்சு, 2017-ல மாத்து சேட்டிலைட் அனுப்பினா ராக்கெட்டோட மூடியே திறக்கல, 2025 ஜனவரியில ஸ்ரீஹரிகோட்டாவோட நூறாவது லாஞ்சுன்னு கொண்டாடி அனுப்பின என்விஎஸ்-02, ராக்கெட் சரியா கொண்டு போய் விட்டும் வால்வு திறக்காம போக வேண்டிய எடத்துக்குப் போகல. என் போன்ல நாவிக் இருக்காம். நான் இன்னிக்கு வரைக்கும் கூகுள் மேப்ஸ நம்பித்தான் முட்டுச்சந்துல போய் நிக்கிறேன்.

வெளிநாட்டு சேட்டிலைட் அனுப்பி கோடி கோடியா சம்பாதிக்குறோம்னு வாட்ஸப்ல வரும்ல, அத நம்பாதீங்க. 2015-ல இருந்து 2024 வரைக்கும் பத்து வருஷத்துல அதுல வந்த அந்நியச் செலாவணி 143 மில்லியன் டாலர்னு அரசே சொல்லுது. நம்ம காசுல ஆயிரத்து சொச்சம் கோடி, அதுவும் பத்து வருஷத்துக்கு சேத்து. ஒரு வருஷ பட்ஜெட்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. கல்லாப்பெட்டிய வச்சு இஸ்ரோவ அளந்தா எங்க மாமா தோத்துடுவாரு, அதனால அவரு அளக்குறத மாத்திக்கணும்னு சொல்லியிருக்கேன். போட்ட ஒரு ரூபாய்க்கு 2.54 ரூபா நாட்டுக்கு வருதுன்னு ஒரு ஆய்வையும் 2024-ல காமிச்சாங்க, அது இஸ்ரோவே ஐரோப்பிய கன்சல்டன்சி ஒண்ண வச்சு எடுத்தது. பொய்யின்னு சொல்லல, ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே மாப்பிள்ளையப் பத்தி சொல்றத எவ்வளவு எடுத்துக்கணுமோ அவ்வளவு எடுத்துக்குறேன்.

ககன்யான் மேலதான் எனக்கு அரைமனசு. 2018-ல அறிவிச்சப்ப 2022-க்குள்ள மனுஷன அனுப்புவோம்னாங்க, 2022 வந்துச்சு, போச்சு. 9,023 கோடியா இருந்தது 20,193 கோடி ஆயிடுச்சு. 2025-ல சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போயிட்டு வர்றதுக்கு 500 கோடிக்கு மேல அமெரிக்க கம்பெனிக்கு குடுத்தோம். மாமா, "பழகாம எப்படி தனியா போறது?"ங்கிறாரு. அண்ணன், "அந்த காசுக்கு எத்தனை வானிலை சேட்டிலைட்?"ங்கிறாரு. இதுல நான் அண்ணன் கட்சி. லேட் ஆகுறது தப்பில்ல, ஆளு உயிரு, அவசரப்படாம செய்யட்டும். ஆனா தேதிய சுதந்திர தின மேடையில சொல்லிட்டு அப்பறம் வேலைய ஆரம்பிக்கிறது கல்யாண மண்டபம் புக் பண்ணிட்டு பொண்ணு தேடுற கதை.

கஸ்டமர் கேர். 1979 ஆகஸ்ட்ல எஸ்எல்வி-3 ராக்கெட் முதல் தடவை கடல்ல விழுந்தப்ப, திட்ட இயக்குநரா இருந்த கலாம மாட்டிவிடாம, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே போய் பத்திரிகைக்காரங்க முன்னாடி தோல்விய ஏத்துக்கிட்டாரு, அடுத்த வருஷம் ஜூலையில ஜெயிச்சப்ப நீ போய் பேசுன்னு கலாம அனுப்பினாரு. கலாமே ஊர் ஊரா சொன்ன கதை, எங்க ஊர் ஆண்டு விழாவுல கூட பத்து தடவை கேட்டிருக்கேன். 2025 மே 18 விடியக்காலை பிஎஸ்எல்வி-சி61 ராக்கெட், மூணாவது கட்டத்துல அழுத்தம் கொறைஞ்சு சேட்டிலைட்டோட போச்சு. விழுந்தது எனக்குப் பிரச்சனை இல்ல, விழாத ராக்கெட் யார்கிட்டயும் இல்ல. ஏன் விழுந்துச்சுன்னு காசு குடுத்தவளுக்கும் புரியுற மாதிரி விவரமா சொல்லணும்ல? ஜெயிச்சா அரை நாள் லைவ், தோத்தா நாலு வரி. தவான் கதைய மேடையில மட்டும் சொல்லாம ஆபீஸ்லயும் நடத்திக் காட்டலாம்.

அப்பறம் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டுற ஊருக்கு இப்ப ராக்கெட் வருது, 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க, 986 கோடி, ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல நிலம். காரணம் நெசமாவே நல்ல காரணம், ஸ்ரீஹரிகோட்டால இருந்து தெக்கால விட்டா இலங்கை மேல போயிடும்னு ராக்கெட் சுத்தி வளைஞ்சு போகணும், அதுல எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது, குலசையில இருந்து நேரா தெக்க கடல்தான். ஆனா பழவேற்காட்டுல லாஞ்ச் நாள்ல மீனவங்க கடலுக்குப் போகக்கூடாது, அதே சட்டம் அங்கயும் வரும், அன்னிக்கு கூலி யார் குடுப்பாங்கன்னு எங்க பக்கத்து ஆளுங்க கேக்குறது நியாயம். வேலை கிடைக்கும்னு சொல்றவங்களும் அதே தெருவுல இருக்காங்க. ஒரே வீட்லயே அப்பன் ஒண்ணு சொல்றான், ஐடிஐ படிச்ச மகன் இன்னொண்ணு சொல்றான்.

அண்ணனோட பெரிய கோவம் எதுன்னு அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரிஞ்சுது. இஸ்ரோ தலைவரா இருந்த சிவன், சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, வீரமுத்துவேல்னு மாமா பெருமையா அடுக்கிட்டு இருந்தாரு, எல்லாம் சாதாரண குடும்பம், சாதாரண பள்ளிக்கூடம், சின்ன ஊரு. அண்ணன் சோத்த பெசஞ்சுகிட்டே, "அதத்தான் மாமா நானும் சொல்றேன். அந்த பள்ளிக்கூடங்களாலதான் இஸ்ரோ. இஸ்ரோவால பள்ளிக்கூடம் வரல. எங்க லேப்ல பத்து டெஸ்ட் ட்யூப் கேட்டு ரெண்டு வருஷமா எழுதுறேன், ராக்கெட் படம் போட்ட போஸ்டர் மட்டும் மூணு வந்துச்சு"ன்னாரு. மாமா ஒண்ணும் சொல்லாம அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்தச் சொன்னாரு.

என் ரேட்டிங் 5-க்கு 4, மாமாவோடது 5-க்கு 6, அண்ணன் ரெண்டரைன்னாரு. அப்பறம் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணாரு. அன்னிக்கு கேலரில அவரு முணுமுணுத்தது மந்திரம் இல்லயாம், வெளிச்சம் தெரிஞ்சதுல இருந்து சத்தம் வர்ற வரைக்கும் செகண்ட் எண்ணிட்டு இருந்தாராம். அந்த வீடியோவ கிளாஸ்ல போட்டு, பசங்கள எண்ணச் சொல்லி, 340-ஆல பெருக்கி ராக்கெட் எவ்வளவு தூரத்துல நின்னுதுன்னு கணக்கு போட வச்சிருக்காரு. லேப்ல ஸ்டாப் வாட்ச் இல்ல, சுவத்துக் கடிகாரத்த வச்சுதான். ஆளுக்கொரு விடை வந்து, வெளிச்சம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு பெஞ்சுக்கு பெஞ்சு சண்டையாம், பெல் அடிச்சும் யாரும் எழுந்திரிக்கலயாம். அடுத்த லாஞ்சுக்கு எத்தனை டிக்கெட் வரைக்கும் போடலாம்னு உன் வீட்டுக்காரர் கிட்ட கேட்டு சொல்லுன்னாரு. நாப்பது பேருக்கெல்லாம் கெடைக்காது அண்ணான்னு சொல்லிட்டேன், பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா எழுதிக் கேட்டுப் பாக்குறேன்னிருக்காரு.